பெயரைக் கேட்ட காடு

பழங்காட்டுக்குள் மரம் வெட்டுகிறவர்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, விசிலடிப்பதோடு சரி. மரங்கள் ஒரு பெயரைக் கேட்டுவிட்டால், அந்த ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே உள்ளே இழுத்துக்கொள்ளும். இப்போது, சாப்பாடு கொண்டுவந்த மனைவியின் பக்கம் மரம் சாய்வதைப் பார்த்துப் பதறி, அவள் பெயரையே அலறிவிட்டு நிற்கிறான் வெட்டுகிறவன். அவள் தப்பிவிட்டாள். விழுந்த மரத்துக்கு அடியில் நசுங்கிய தூக்குவாளி மஞ்சள் வெயிலில் மின்னுகிறது. எங்கும் ஓர் இலைகூட அசையவில்லை. “வீட்டுல ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பீங்க. இங்கயா வாயத் திறக்கணும்?” என்கிறாள். “பின்ன, நீ சாகறத வேடிக்கை பாக்கச் சொல்றியா?” அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறான். காட்டின் ஆழத்திலிருந்து அவள் பெயர் கேட்கிறது, அச்சு அசல் அவன் குரலில். “இதோ வந்துட்டேங்க” என்று அவள் அந்தப் பக்கம் திரும்புகிறாள்.