ஹார்வெலின் வக்கீல்

பிரேக்கை மிதித்தான். வண்டி இடப்பக்கம் இழுத்தது.

பழகாத கால், என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

ஆனைகட்டிச் சாலையில் காலை நெரிசல் இன்னும் தொடங்கவில்லை. மறுபடி மிதித்தான்.

மறுபடியும் இடப்பக்கம்.

ஹார்வெலுக்காக இணையத்தில் வருடக்கணக்காகச் சண்டை போட்டு வருகிறவன் அவன். அறுபதுகளில் வந்த ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு பேர் உட்காரலாம், கூரையை மடக்கிவிடலாம். வந்த நாளிலிருந்தே கெட்ட பெயர். சொன்ன இடத்தில் நிற்காது, திருப்பினால் திரும்பாது என்று எழுதினார்கள். வண்டியில் ஒரு குறையும் இல்லை, ஓட்டத் தெரியாதவர்கள் கிளப்பிய புரளி அது என்று இவன் பதில் எழுதினான். ஹார்வெல் பிரியர்களின் குழுவில் அவன் பெயரே வக்கீல்.

ஓட்டுவது மட்டும் இன்றுதான் முதல் முறை.

வண்டியின் பராமரிப்பைக் குறை சொல்ல வழியில்லை. இந்த ஊருக்குக் கூட வந்திருந்த நண்பன் நஸீர் நேற்று முழுக்க அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, புதுசு மாதிரி இருக்கிறது என்றிருந்தான்.

வளைவு வந்தது.

ஸ்டியரிங்கை ஒடித்தான். வண்டி ஒரு கணம் நேராகவே போனது. பிறகு கேட்டதற்கும் மேலாகத் திரும்பியது. எதிரே வந்த பால் வேன் மண்ணில் இறங்கி ஏறியது.

பக்கத்து இருக்கையில் தமயந்தி அம்மாள் அசையவில்லை. வண்டி அவருடைய கணவருடையது. அவர் போய் ஒரு வருடமாகிறது. ஒரு தடவை ஓட்டிப் பார்க்கட்டுமா என்று இவன் கேட்டதும், வாங்க என்றிருந்தார்.

"இந்த வளைவுலதானுங்க நான் இந்த வண்டியப் புளியமரத்துல விட்டேன்."

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"கல்யாணமான புதுசு. அதுக்கப்புறம் அவரு என்னைய ஸ்டியரிங்கத் தொடவே விடலைங்க. வண்டில ஒரு குறையுமில்ல, உன்ற கைதான் சரியில்லைம்பாரு."

"இந்த வண்டியை மட்டுமா?"

"எந்த வண்டியையுமுங்க."

கொஞ்ச தூரம் போனபின் சேர்த்துக்கொண்டார்.

"பின்னால நீங்க எழுதுனதையெல்லாம் படிச்சுக் காட்டுவாரு. பாத்தியா, விவரம் தெரிஞ்சவரே சொல்றாரும்பாரு."

குரலில் கோபம் இல்லை.

திரும்பி வந்தபோது அவர் வீட்டு வாசலில் நஸீர் போனை உயர்த்திப் பிடித்து நின்றான்.

"வக்கீல் சார், குரூப்ல எல்லாரும் லைவ்ல பாத்துட்டிருக்காங்க. ஹார்வெல் எப்படி?"

அவன் இறங்கினான். உள்ளங்கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்தான்.

சொல்ல வேண்டியதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. எத்தனையோ தடவை எழுதியதுதான்.

தமயந்தி அம்மாள் கதவைச் சாத்திவிட்டு, புடவையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவனைப் பார்க்கவில்லை.

"நிக்கல" என்றான்.

நஸீர் சிரித்தான். வேடிக்கை என்று நினைத்துவிட்டான்.

"திரும்பவும் மாட்டேங்குது. அவங்கல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காங்க. நான்தான் ஓட்டாமயே பேசிட்டிருந்தேன்."

"டேய், லைவ் போயிட்டிருக்குடா."

"போகட்டும். அந்த வளைவுல இதை யார் ஓட்டியிருந்தாலும் மரத்துலதான் போயிருப்பாங்க."

நஸீரின் கை மெல்ல இறங்கியது. போனில் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள்.

தமயந்தி அம்மாள் புடவையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தார். ஹார்வெலைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். அப்புறம், கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்ற நஸீரின் பழைய மாருதியை.

"அது கியர் வண்டிங்களா?"

"ஆமாம்மா" என்றான் நஸீர், ஒன்றும் புரியாமல்.

"பரவால்லைங்க" என்று கையை நீட்டினார். "சாவியக் குடுங்க."