எந்தக் கைக்கு வைத்தியம்?

"இடது கைக்குப் பண்ணுங்க" என்றார் அங்கப்பன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு கவிப்பிரியாவைப் பார்த்தார். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

செம்மநத்தத்தில் காப்பியும் மிளகும் போட்டிருக்கும் அங்கப்பனுக்கு சில வருடங்களாக இரண்டு கையிலும் நடுக்கம். எந்த மாத்திரைக்கும் கேட்கவில்லை. ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் தங்கி ரிசப்ஷன் வேலை பார்க்கும் மகள்தான் போனில் தேடித் தேடி இந்தப் புது வைத்தியத்தைக் கண்டுபிடித்து, கோயம்புத்தூர் வரைக்கும் அழைத்து வந்திருந்தாள்.

கத்தி கிடையாது. மண்டையைத் திறக்க வேண்டாம். தலையை மட்டும் மழித்து, ஸ்கேன் மிஷினுக்குள் படுக்க வைத்து, காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை மூளைக்குள் ஒரே புள்ளியில் குவித்து, நடுக்கத்தைக் கிளப்புகிற இடத்தை மட்டும் சுட்டுவிடுவார்கள்.

ஒரே சங்கடம், ஒரு தடவைக்கு ஒரு கைதான். அடுத்த கைக்கு ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். அப்போதும் பேச்சு குழறுமோ, நடை தள்ளாடுமோ என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். செய்யாமலே விட்டாலும் விடுவார்கள்.

அதனால்தான் டாக்டர் எந்தக் கை என்று கேட்டார். கேட்க வேண்டுமே என்று கேட்டதுதான். இதுவரை வந்தவர்கள் எல்லோரும் புழங்குகிற கையைத்தான் காட்டியிருக்கிறார்கள்.

"உங்களுக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்லீங்க. சோத்துக்கை வலதுதானுங்க."

கவிப்பிரியாவுக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டாரோடு அப்பா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. இலையிலிருந்து வாய்க்குப் போவதற்குள் பாதிச் சோறு மடியில் விழுந்துவிடும் என்பதால், எந்த விசேஷத்திலும் பந்திக்கு முன்பே நழுவிவிடுகிற மனிதர் அவர்.

வெளியே அழைத்துப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள்.

"அம்மா படுத்த படுக்கையா இருக்காங்க, அவங்களப் பாத்துக்க வள்ளியக்காவப் போட்டிருக்கோம். உங்களுக்குச் சோறு ஊட்டவும் ஒரு ஆள் தேடணுங்களாப்பா?"

"எனக்கு இடதுதாங் கண்ணு தோது."

சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குள் திரும்பிப் போய்விட்டார். உடம்பு அவருடையது. டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

வைத்தியம் பலித்தது. காலையில் இடது கையால் ஒரு வட்டம் போட முடியாமல் காகிதத்தைக் கிழித்தவர், மாலையில் அதே கையில் தண்ணீர் டம்ளரைத் தளும்பாமல் பிடித்தார். நர்சுகள் கை தட்டினார்கள். கவிப்பிரியா தட்டவில்லை.

ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து, சேர்வராயன் சாமிக்கு வேண்டுதலா என்று கேட்டவர்கள், விஷயம் தெரிந்ததும் சிரித்தார்கள். மளிகைக்கடை ஆறுமுகம் ஒருபடி மேலே போய், அவ்வளவு தூரம் போய் பீச்சாங்கைக்கு வைத்தியம் பார்த்து வந்த மகராசன் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மகளுக்கு மானம் போயிற்று. ஓட்டல் குவார்ட்டர்ஸிலேயே தங்கிக்கொண்டு, லீவு நாளில் ஊருக்கு வருவதைக்கூடக் குறைத்துக்கொண்டாள்.

நிச்சயதார்த்தம் வந்தது. கிளியூரிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் வைத்து வந்தார்கள். இந்த முறை அங்கப்பனால் நழுவ முடியவில்லை. சம்பந்தியே கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்.

ரசம் சாதம் வேட்டியில் விழுந்தது. அப்பளம் பக்கத்து இலைக்குப் போனது. சம்பந்தி நல்ல மனிதர், தன் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. சம்பந்தியம்மாள்தான் மெதுவாக, "கைக்கு வைத்தியம் பாத்ததாச் சொன்னாங்க?" என்று கவிப்பிரியாவிடம் கேட்டாள்.

அதற்குள் வள்ளி வந்து அங்கப்பன் காதில் ஏதோ சொன்னாள். அவர் பாதி இலையில் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். பந்தியே திரும்பிப் பார்த்தது.

கவிப்பிரியா வள்ளியைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனாள்.

"சம்பந்தி முன்னால அப்பாவ எதுக்குங்கக்கா எழுப்புனீங்க? அம்மாவப் பாக்கத்தான நீங்க இருக்கீங்க?"

வள்ளி தயங்கினாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார் என்றாள். பிறகு சொன்னாள்.

"சோறு ஊட்டறது, துணி தொவைக்கறதெல்லாம் நாந்தாங் கண்ணு. ஆனா வெளிக்கிப் போனா மட்டும் என்னையத் தொடவே உடமாட்டாங்க. நொம்பக் கூச்சம். படுத்த நாள்ல இருந்து ஐயாதான் கழுவி உடறாரு."

கவிப்பிரியா உள்ளறைக் கதவுவரை போனாள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அம்மாவின் குரலும் கேட்டது.

"ஏனுங்க, முன்னயெல்லாம் கை நடுங்கி உங்க நகம் கீறிப்போடும். இப்பப் படறதேயில்லீங்க."