அப்பா இல்லாத ஆல்பம்

“உங்களை எடுத்துட்டா குழந்தை அந்தரத்துல நிக்கும் அண்ணே,” என்றாள் டிசைனர்.

திரையில், கடற்கரை மணலில் ஓர் ஆள் கைக்குழந்தையை உயரே தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அதே ஆள்தான், தலை நரைத்து, சட்டைப் பையில் டெஸ்டரோடு பக்கத்து நாற்காலியில் இருந்தார். எலெக்ட்ரீஷியன். மூன்று நாளாக வேலை முடிந்ததும் நேராக இந்தக் கடைக்கு வந்துவிடுகிறார்.

“அப்போ குழந்தை முகத்தை மட்டும் பெருசாப் போடும்மா. நான் வேண்டாம்.”

குடும்பப் படங்களைக் கணினியில் பக்கம் பக்கமாக அடுக்கி, பூவும் எழுத்தும் சேர்த்து, புத்தகமாக அச்சிட்டுத் தரும் கடை அது. அவர் நாற்பது பக்கம் கேட்டிருந்தார். மகள் முதல் அடி வைத்தது, மகன் ஓட்டைப் பல்லோடு ஐஸ்கிரீம் தின்றது, நாலு பேரும் ஒரே குடைக்குள் நனைந்தது. பாதிப் படங்களில் அவர் இருந்தார். அத்தனையிலிருந்தும் தன்னை எடுக்கச் சொன்னார்.

“வர்றவங்க எல்லாரும் தொப்பையைக் குறைச்சுக் குடுன்னு கேப்பாங்க. நீங்க ஆளையே குறைக்கச் சொல்றீங்க.”

அவர் சிரித்தார். ஆனால் பிடித்த பிடியை விடவில்லை.

அடுத்த படத்தில் அவர் மனைவி ஊஞ்சலில் இருந்தாள். தோளில் ஒரு கை மட்டும் தெரிந்தது.

“இதுல முகமே இல்லையே. இருந்துட்டுப் போகட்டுமா?” என்று கேட்டாள் டிசைனர்.

“மணிக்கட்டுல தழும்பு தெரியுது பாரு. எடுத்துடு.”

அந்தக் கையை அழித்து, தோளின் சேலை மடிப்பைத் திரும்ப வரைய அவளுக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொரு படத்தில், அதைப் பிடித்த அவருடைய நிழல் மட்டும் புல்தரையில் நீண்டு கிடந்தது. அதையும் விடவில்லை.

“ஓரத்துக்குப் பச்சை வேண்டாம்மா. பசங்களோட அம்மாவுக்குப் பச்சை ஆகாது. வெளிர் நீலம் வை. எழுத்தும் பெருசா இருக்கட்டும். கண்ணாடியை எங்கேயாவது வச்சுட்டு வீடு முழுக்கத் தேடுவா.”

“இவ்வளவு பாத்துப் பாத்துச் செய்றீங்க. புத்தகத்தைப் பாத்ததும், ‘நீங்க எங்கே?’ன்னு கேக்க மாட்டாங்களா?”

“கேக்க மாட்டா.”

நாற்பதாவது பக்கமும் முடிந்தது. முதலிலிருந்து ஒருமுறை புரட்டிக் காட்டச் சொன்னார். எங்கும் அவர் இல்லை. திருப்தியாகத் தலையாட்டினார்.

டிசைனர் பார்சல் படிவத்தை எடுத்தாள். “உங்க வீட்டு விலாசம்தானே?”

அவர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். “இந்த விலாசம். அனுப்புறவர்னு என் பொண்ணு பேரைப் போடு. அவகிட்ட சொல்லிட்டேன்.”

“அப்போ இது யார் வீடு?”

“பசங்களோட அம்மா வீடு. நாங்க பிரிஞ்சு ஆறு வருஷமாச்சும்மா. போன மாச வெள்ளத்துல பிள்ளைங்க போட்டோ ஒண்ணுகூட அவளுக்கு மிஞ்சலையாம். நான் ஒரு பக்கத்துல தலைகாட்டினாலும் புத்தகத்தை மூடி வச்சுடுவா.”