கயாவில் விட்டது

பிண்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருந்தார் அவர்.

இந்த ஒரு பெயரைச் சொல்லத்தானே தென்காசியிலிருந்து மூன்று நாள் ரயிலில் வந்தது?

புரோகிதர் மறுபடி கேட்டார்.

"குற்றாலலிங்கம்" என்றார்.

மகன். போய்ப் பன்னிரண்டு வருஷம். தேறாத பயலுக்கு இந்த வீட்டில் என்ன வேலை என்று இவர் கேட்டார். சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து போனவன்தான்.

கடுதாசியும் வரவில்லை. சடலமும் கிடைக்கவில்லை.

பன்னிரண்டு வருஷம் ஆனால் காரியம் செய்துவிடலாம் என்றார்கள். அவருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. கேட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எத்தனை நாள்தான் எட்டிப் பார்ப்பது?

"கயாவுக்குப் போய் முடிச்சிருவோம்" என்றார். மனைவி கோமதி பெட்டியில் துணி அடுக்கினாள்.

புரட்டாசி. ஆற்றங்கரையெல்லாம் நாணல் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. எந்தக் காலத்திலிருந்தோ செத்தவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிற ஊர். ஊர் பாட்டுக்கு டீ குடித்தது, ஹாரன் அடித்தது.

பிண்டம் போடுகிறவர்கள் கடைசியாக வந்து சேரும் பழைய ஆலமரத்தடியில் கடைசிப் பிண்டத்தையும் வைத்தார்.

"காய் ஒண்ணு, பழம் ஒண்ணு விடணும். அப்புறம் உசிர் உள்ளவரை தொடப்படாது" என்றார் புரோகிதர்.

பிடித்ததைத்தான் விட வேண்டும். ஆனால் நம் சனங்கள் கெட்டிக்காரர்கள். பாகற்காயை விட்டுவிட்டு நிம்மதியாக ஊர் திரும்புவார்கள்.

அவர் அந்த ரகம் இல்லை. ரயிலிலேயே முடிவு செய்திருந்தார்.

சீத்தாப்பழம்.

அப்பனும் மகனும் படியில் உட்கார்ந்து, யார் கொட்டை தூரம் போகிறது என்று துப்பித் துப்பித் தின்ற பழம்.

"சீத்..." என்று வாயைத் திறந்தார். கோமதி அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"அவன் வந்து நின்னா, வாங்கிக் குடுத்துட்டு நீங்க தள்ளி நின்னு பாப்பீயளா?"

அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிண்டம் வைத்த கை இன்னும் காயவில்லை. அடிப்பாவி, அப்படியென்றால் இதெல்லாம் எதற்கு?

அவள் முகத்தைப் பார்த்தார்.

புரோகிதர் காத்திருந்தார்.

"பாகக்கா" என்றார்.

"பழம்?"

"விளாம்பழம்."

இரண்டையும் அவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

வெளியே தெருவில் சீத்தாப்பழம் கூடை கூடையாக இருந்தது. அவர் பாட்டுக்கு நின்றுவிட்டார். கடைக்காரன் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து எடுத்து நீட்டினான். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார். ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். கூடையின் அடியிலிருந்து கல் மாதிரி ஒரு காயைத் தேடி எடுத்தார்.

"ஊர் போய்ச் சேர மூணு நாளாகும்லா" என்றார், அவளைப் பார்க்காமல்.

கோமதி பையை விரித்துப் பிடித்தாள்.