விழுங்கிய நான்கு வரிகள்

மேடையில், மகளைச் சபிக்கும் பாட்டில் நான்கு வரிகளை விழுங்கிவிட்டேன்.

மறதிதான். வேறு ஏதாவது காரணம் சொல்ல ஆசை, கிடைக்கவில்லை.

இசைக்குழு ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். இசை நடத்தும் இளைஞர், கயிறு அறுத்துக்கொண்ட கன்றைத் துரத்துகிறவர் மாதிரி, குச்சியை ஆட்டியபடி என்னைத் துரத்திப் பிடித்தார்.

சபித்து முடித்தேன். தலையைக் குனிந்துகொண்டு, மேல்மாடத்திலிருந்து விழப்போகும் கூச்சலுக்குக் காத்திருந்தேன்.

இத்தாலியில், எங்கள் பார்மா நகரத்து மேல்மாடம் அப்படிப்பட்டது. மலிவு டிக்கெட்டில் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார்கள். ஓபரா என்கிற இசைநாடகம் மொத்தமும் மனப்பாடம். ஒரு சொல் முன்னால் மூச்சு எடுத்தால்கூட ஊளையிடுவார்கள். ஒருமுறை நான் கோட்டைவிட்ட சுரத்தை, மேலிருந்து ஒருவன் சரியாகப் பாடியே காட்டினான். எர்மெஸ். என் பல் டாக்டர். மறுநாள் காலை அவனுடைய நாற்காலியில், வாய் நிறையப் பஞ்சோடு, அதே சுரத்தைப் பற்றி மறுபடியும் பாடம் கேட்டேன்.

இன்று யாரும் கத்தவில்லை.

கைதட்டினார்கள்.

கூச்சலைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஓபராவில் உச்சக்குரல்காரன் டெனர் காதலிப்பான், என்னை மாதிரிக் கனத்த குரல்காரன் பாரிடோன் அதைக் கெடுப்பான். தொண்டை அமைந்த விதம் அப்படி. முப்பது வருஷமாக மேடையில் எத்தனையோ கல்யாணங்களைத் தடுத்திருக்கிறேன். என் சொந்த மகள் என்னிடம் சொல்லாமலே கட்டிக்கொண்டு போனாள், முன்ஜாக்கிரதை.

அடுத்த பருவத்திலும் பாடுகிறேனா, இல்லையா? நாளைக்குள் அரங்கின் இயக்குநரிடம் சொல்ல வேண்டும். அவர் கேட்டது என் வயதுக்காகவா, குரலுக்காகவா என்று புரியவில்லை. குரல் இருந்தால் பாடலாம். இல்லையென்றால் யாரும் இறக்கிவிடுவதற்கு முன் நானே இறங்கிவிட வேண்டும்.

இருக்கிறதா என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தொழிலில் மைக் கிடையாது. என் மண்டைக்குள் அது இன்னும் தேவாலயத்து மணி மாதிரிதான் அடிக்கிறது. மண்டைக்கு வெளியே என்ன கேட்கிறது என்பதை வெளியில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒப்பனை அறையில் உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் கேட்டேன்.

இசை நடத்தியவர் வாசலில் நின்றபடியே, "அந்த அங்கி! என்ன கம்பீரம் ஐயா!" என்றார். நகர்ந்துவிட்டார்.

எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். பாட்டைச் சொல்ல வாய் வராவிட்டால் உடையைப் புகழ்வது. நானே எத்தனை பேருடைய தொப்பிகளைப் புகழ்ந்திருக்கிறேன்.

மகளாகப் பாடிய பெண் கன்னத்தில் முத்தமிட்டு, "அப்பா, நீங்க வந்து நின்னாலே போதும்" என்றாள்.

நின்றாலே.

என் ஒட்டுத் தாடியைப் பிரித்துக்கொண்டிருந்தாள் ஒப்பனை போடும் இல்தே. எந்த ராஜாவையும் மதிக்காதவள். அவளைக் கேட்டேன். "குரல் எப்படிம்மா இருந்துச்சு?"

"தாடி இன்னைக்கு நல்லா ஒட்டியிருந்துச்சுங்க. ஆடாம இருங்க, தோலு வந்துடப்போகுது."

அப்போது எர்மெஸ் கதவைத் திறந்தான்.

மேல்மாடத்துக்காரர்கள் ஒப்பனை அறைப் பக்கம் வரமாட்டார்கள். கைகுலுக்கிவிட்டால் அப்புறம் ஊளையிட முடியாது என்பது அவர்கள் கொள்கை. இத்தனை வருஷத்தில் இவன் இந்த வாசலை மிதித்ததே இல்லை.

இல்தே அவனைப் பார்த்தாள். பாதித் தாடியை என் முகத்திலேயே விட்டுவிட்டு வெளியே போனாள்.

"என்னய்யா, வழி தவறிட்டியா? குறடு கொண்டு வரலியா?"

அவன் சிரிக்கவில்லை. "மேல எல்லாரும் சீட்டு குலுக்கிப் போட்டோம். என் பேரு வந்து தொலைஞ்சுது."

"எதுக்குச் சீட்டு?"

"யாரு வந்து உங்கிட்ட சொல்றதுன்னு."

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "நாலு வரி விட்டேன்னு சொல்லத்தானே? அது எனக்கே தெரியும்யா. அதுக்கு மேலேர்ந்தே கத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். நடிப்பு இல்லை, நடிக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

"எந்த நாலு வரி?"

தாடையில் தொங்கிய தாடியை நானே பிடித்து இழுத்தேன். எரிந்தது.

"எர்மெஸ், அங்கியைப் பத்தி மட்டும் பேசிடாத. நேராச் சொல்லு."

அவன் கதவைச் சாத்தினான். பல்லைப் பிடுங்கப்போகும்போது வருமே ஒரு குரல், அந்த மெல்லிய குரலில் சொன்னான்.

"போன வருஷத்துலேர்ந்தே உன் குரல் மேல வந்து சேரலப்பா. நீ வாயைத் திறப்ப. நாங்க அவங்கவங்க மனசுக்குள்ள உன் பழைய குரலைப் பாட விட்டுக்குவோம். இன்னைக்குக் கை தட்டுனது அதுக்குத்தான்."