முப்பதாயிரத்து முப்பத்தொன்று

நாற்றுமேடையில் இருந்த தேயிலைக் கன்றுகள் முப்பதாயிரத்து முப்பத்தொன்று. நட வந்த எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒரு கன்று மிஞ்சினாலும் யாருக்கும் அன்றைக்கு வேலைக்கணக்கில் பேர் விழாது என்பது தோட்டத் துரையின் உத்தரவு. பேர் விழாவிட்டால் அரிசி இல்லை.

கணக்கப்பிள்ளை வீரசிங்கம், ஆளுக்கொரு கூட்டத்தை மேய்க்கும் பதின்மூன்று சில்லறைக் கங்காணிகளுக்குப் பிரித்துப் பார்த்தார். ஒன்று மிஞ்சியது. கூட்டங்களைச் சேர்த்துப் பதினொன்றாக்கினார். ஒன்று மிஞ்சியது. பத்து, ஏழு, ஐந்து என்று எதற்குப் பிரித்தாலும் அதே ஒன்று பல்லிளித்தது. தெமோதரை மலையில் வெயில் ஏறிவிட்டது.

“அந்த ஒத்தக் கன்ன என் தலையில கட்டுங்கய்யா, போறேன்,” என்றாள் வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியான செல்லாயி.

“சமம்னா சமம். துரைக்கு நீயா பதில் சொல்லுவ?”

“அப்ப தலைக்கு இத்தனைன்னு பிரிங்க. லயத்துல புள்ள காச்சலோட கெடக்கு, கஞ்சிக்கு அரிசி இல்ல.”

அவர் முனகிக்கொண்டே தலைகளை எண்ணி வகுத்தார். தலைக்கு ஐந்நூற்றொன்பது. மீதி இல்லை.

“சரியா வருது. ஐம்பத்தொன்பது பேர்.”

“காலையில பெரட்டுல பேர் கூப்பிட்டப்ப அம்பத்தெட்டுப் பேருதானேங்க நின்னோம்?”

மறுபடி எண்ணினார். ஐம்பத்தொன்பதுதான்.

செல்லாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “யாரா இருந்தா என்னங்க? பேரக் கேட்டு எழுதுங்க, நேரம் போகுது.”

வீரசிங்கம் வரிசையின் கடைசி ஆளையும் தாண்டி நடந்து போய், வெறும் வெயிலைப் பார்த்து, “உன் பேரென்ன?” என்று கேட்டார். பெண்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. அவர் காதில் சரியாக விழாதவர்போலச் சற்றுக் குனிந்து நின்றார். பிறகு தலையாட்டிக்கொண்டே ஐம்பத்தொன்பதாவது பேரை எழுதினார்.