மாத்திக் கட்டின வயர்

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு இங்க வந்தீங்க?”

சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரி வார்டில் ரமணி போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள்.

பரஞ்சோதி வாசலைத் தாண்டவில்லை. கையில் ஆரஞ்சுப் பை.

கட்டிலில் ரமணியின் புருஷன் லோகேஸ்வரன். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. மீதி வெறும் கட்டு.

“அட்டைப்பெட்டி கம்பெனியில இவருக்கு மேல டெக்னீஷியன் நீங்க. ரெண்டு வயரை ஒழுங்கா கட்டத் தெரியலையா?”

“தப்பு நடந்துபோச்சு, தங்கச்சி.”

“தங்கச்சின்னு கூப்பிடாதீங்க! என்ன தப்புன்னு சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்லா!”

பரஞ்சோதி தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“மெஷின் மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு, அதை ஓட்டுற டிரைவிலேருந்து கண்ட்ரோலருக்கு சிக்னல் போகும்மா. என்கோடர் சிக்னல். அந்த வயரை மாத்திக் கட்டிட்டேன். முன்னால சுத்துறதைக் கண்ட்ரோலர் பின்னால சுத்துதுன்னு நினைச்சுக்கிட்டு, இன்னும் வேகமா முன்னாலயே தள்ளும். நிக்கவே நிக்காது. டெஸ்ட் ஓட்டுறப்ப இவன் கை ரோலர்கிட்ட இருந்துச்சு...”

“இனி பிள்ளையை எந்தக் கையால தூக்குவாரு? கோலா கெத்தில் ஊர்ல எங்களுக்கு வேற யாரு இருக்கா?”

பையைப் பிடுங்கி வீசினாள். பழங்கள் கட்டிலுக்கடியில் உருண்டன.

லோகேஸ்வரன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உங்க வாயால ஒத்துக்கிட்டீங்கன்னு கம்பெனி வேலையை விட்டுத் தூக்குச்சு. அது பத்தாது. நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க!”

“சரிம்மா.”

அந்தச் ‘சரிம்மா’வில் ரமணி உடைந்துபோனாள். முகத்தில் அடித்துக்கொண்டு அழுதவளை நர்ஸ் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனாள்.

பரஞ்சோதி குனிந்து பழங்களைப் பொறுக்கினார்.

“போதும்ணே.” லோகேஸ்வரன் சுவரிலிருந்து இந்தப் பக்கம் திரும்பினான். “மாத்திக் கட்டினது நான். நீங்க அப்ப கேண்டீன்ல இருந்தீங்க. உண்மையைச் சொல்லிடறேன்.”

“வாயை மூடுடா.”

“வேலையும் போயி, சாபமும் வாங்கிக்கிட்டு... என்னால பாக்க முடியலண்ணே. நான்தான்னு சொன்னா என்னை ரெண்டு திட்டு திட்டுவா. திட்டட்டுமே.”

பரஞ்சோதி கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு கட்டிலருகே குனிந்தார்.

“திட்டுறதோட விட மாட்டாடா. எப்படி மாறிச்சுன்னு கேப்பா. வயரைக் கையில வச்சுக்கிட்டே போன்ல அவகூட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்னு ஆம்புலன்ஸ்ல என்கிட்ட சொன்னியே, அது தெரிஞ்சா, இந்தக் கையை அவ தினமும் எப்படிடா பாப்பா?”